இருநூற்று ஒன்று

"மறுபடியும் போட்டுட்டானுங்க பாரு! மூணு பேரும் போட்டுட்டானுங்க!"

குழந்தைவேல் கத்திய கத்தலில், அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த வசந்தாமணி அரிவதை நிறுத்தினாள். சொந்தத்தில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் மணி ஏழு என்பது ஞாபகம் வந்தது. கொஞ்ச காலமாக அந்த வீட்டில் ஏழு மணி என்றால் இப்படித்தான். மிச்ச வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

"என்னத்தைப் போட்டாங்க?"

"சீட்டை! கையில ரெண்டு ராஜா வெச்சிருக்கறேன். ரெண்டு ராஜா! எரநூத்தி ஒண்ணு வெச்சேன். ஒருத்தனாவது வரோணுமில்ல? மூணு பேரும் சீட்டைக் கீழ போட்டுட்டு ஓடிட்டானுங்க."

"அப்ப நீங்கதானே ஜெயிச்சீங்க?"

"ஜெயிச்சேன். முப்பது சில்லு!"

"முப்பது நல்லதுதானுங்களே."

குழந்தைவேல் தன் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். இவளுக்கு இதைப் புரியவைப்பதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிடும் என்று தோன்றியதால் பேசாமல் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

வசந்தாமணிக்குப் புரியாதது தப்பில்லை. போக்கர் என்கிற அந்த ஆட்டம் மூணு சீட்டுக்குத் தூரத்துச் சொந்தம். ஆளுக்கு இரண்டு சீட்டு ரகசியமாக வரும். நடுவில் ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொதுவாகத் திறக்கும். எல்லாம் சேர்த்து யாருக்கு நல்லதாக அமைகிறதோ, நடுவில் குவிந்த சில்லெல்லாம் அவருக்கு. சீட்டு பிடிக்காதவன் எந்த நேரமும் போட்டுவிட்டு விலகிக்கொள்ளலாம். அங்கேதான் வினை. நல்ல சீட்டுக்காரன் வைக்கிற பந்தயத்துக்கு எதிராளி சரிக்குச் சரி வைத்து உள்ளே வந்தால்தான் அவனுக்கு லாபம். எல்லாரும் விலகிக்கொண்டால், ஆட்டத்துக்கு ஆட்டம் முறை வைத்துக் கட்டாயமாகப் போடுகிற பத்தும் இருபதும்தான் மிஞ்சும். இலை போட்டுப் பரிமாறி வைத்த பந்தியில் ஒருத்தரும் வந்து உட்காராத மாதிரி.

ஆடுவது நாலே பேர், அவரவர் செல்போனில். காசு கிடையாது, வெறும் சில்லு. சங்ககிரியில் தன் வீட்டிலிருந்து குழந்தைவேல். எருமப்பட்டியிலிருந்து அவருடைய மச்சினன், அதாவது வசந்தாமணியின் தம்பி சந்திரசேகர். பைபாஸில் பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டி ரீட்ரேடிங் செய்கிற வேலுசாமி. சேலத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிற பிரான்சிஸ். முன்பெல்லாம் தோற்றவர் மற்றவர்களுக்குப் போண்டா வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். இந்தத் தடவை பந்தயம் வேறு.

குழந்தைவேலும் சந்திரசேகரும் கூட்டாக ஒரு லாரி வாங்கியிருந்தார்கள். புத்தம்புதுசு. நாமக்கல்லில் பாடி கட்டி முடித்து, பெயின்டர் அம்மாசியின் பட்டறையில் நிற்கிறது. அதன் நெற்றியில் எந்தப் பிள்ளையின் பெயரை எழுதுவது? குழந்தைவேலுக்கு ஒரே மகள் ரஞ்சிதா, சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். சந்திரசேகருக்கு, பல வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பிறந்த மதன், இப்போதுதான் நடக்கப் பழகியிருக்கிறான்.

குழந்தைவேல் வெகு காலமாக லாரி ஓனர்தான். ஆனால் இதுவரை வாங்கியதெல்லாம் பழைய வண்டி. ஓடிச் சம்பாதித்த பெயரை மாற்றினால் வண்டி கோபித்துக்கொள்ளும் என்று நெற்றியில் இருந்ததை அப்படியே விட்டுவிடுவார். யார் யாரோ பெற்ற பிள்ளைகளின் பெயரைச் சுமந்துகொண்டு அவருடைய லாரிகள் இந்தியா முழுக்க ஓடின. ரஞ்சிதா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் லாரிக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ஏப்பா, சுகன்யாதான் உங்களுக்குப் பெரிய பொண்ணா?" என்று கேட்டாள். கேட்டவள் அன்றைக்கே மறந்துவிட்டாள். அவர் மறக்கவில்லை. இந்த ஒரு வண்டியிலாவது மகள் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு அப்படி ஓர் ஆசை.

மச்சினனிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே என்றால், அதுதான் நடக்காது. கல்யாணத்தில் மாமனார் கொடுத்த கட்டிலுக்கே கடையில் போய் விலை விசாரித்து, அந்தப் பணத்தை மறுவாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த மனுஷர். பெண் எடுத்த வீட்டிலிருந்து சும்மா ஒரு கறிவேப்பிலைக் கொத்துகூட வாங்க மாட்டார். அதனால் அவரே ஒரு வழி சொன்னார்.

"ஆடிப் பாத்துருவோம் மாப்ள. பெயின்ட் வேலை முடியற அன்னைக்கு நம்ம ரெண்டு பேர்ல யாருகிட்டச் சில்லு அதிகமா இருக்குதோ, அவிய புள்ள பேரு."

சந்திரசேகர் கையைக் கட்டிக்கொண்டு, "உங்க இஷ்டமுங்க மாமா" என்றான். அந்த அடக்க ஒடுக்கத்தைப் பார்த்தபோதே தான் உஷாராகியிருக்க வேண்டும் என்று இப்போது குழந்தைவேலுக்குப் படுகிறது. ஏனென்றால் அன்றிலிருந்து அவர் சில்லு தேய்ந்துகொண்டே வருகிறது, அவன் சில்லு ஏறிக்கொண்டே போகிறது. இத்தனைக்கும் நல்ல சீட்டெல்லாம் இவருக்குத்தான் வருகிறது. வந்து என்ன செய்ய? நல்ல சீட்டுக்கு முப்பது வருகிறது, சுமாரான சீட்டில் அறுபது அறுபதாகப் போகிறது.

பிரான்சிஸுக்குப் போன் போட்டார்.

"நல்ல சீட்டு வந்தா எவ்வளவுய்யா வெக்கறது? எரநூத்துக்கே ஓடறீங்க."

"பெருசா வையுங்கண்ணா" என்றான் பிரான்சிஸ். "நம்மளாட்டம் சின்ன மேசையில எவனுக்கும் பயம் கிடையாது. அப்படி என்னதான் வெச்சிருக்கறாருன்னு பார்க்கறதுக்காவது வருவாங்க. கையில சரக்கு இருக்கிறப்ப பயப்படாமப் பெருசா வையுங்க. யூடியூப்லயே சொல்றாங்க."

மறுநாள் இரண்டு ஏஸ் வந்தது. குழந்தைவேல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஐநூற்று ஒன்று வைத்தார். மூன்று பேரும் விலகினார்கள். முதலில் விலகியது பிரான்சிஸ்.

"ஏய்யா, நீயே பெருசா வெக்கச் சொன்னே. நீயே மொதல்ல ஓடுனா என்னய்யா அர்த்தம்?"

"சீட்டு சரியில்லைங்கண்ணா."

"மத்த ரெண்டு பேரும்?"

"அவங்களுக்கும் சரியில்லைங்க."

"அவங்க சீட்டு உனக்கு எப்படித் தெரியும்?"

எதிர்முனையில் பிரான்சிஸ் இரண்டு தடவை இருமினான். பிறகு, "ஒரு யூகந்தானுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, யாரோ லோடு விஷயமாக வந்திருப்பதாகப் போனை வைத்துவிட்டான்.

குழந்தைவேலுக்கு வந்த ஆத்திரத்தில் நாலு பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் மெசேஜ் போட்டார். அடுப்படி வரைக்கும் கேட்டது.

"யோவ், ஆட வந்தீங்களா, எழவு கேக்க வந்தீங்களா? நான் எப்ப வெச்சாலும் ஒருத்தனும் உள்ள வர்றதில்லை. இனிமே எவனாவது ஓடுனீங்கன்னா, என்னைய ஒரு மனுசனாவே மதிக்கலைன்னு அர்த்தம்!"

மூன்று பேரும் உடனே கும்பிடு பொம்மை அனுப்பினார்கள்.

அடுத்த நாள் இரண்டு ராணி வந்தது. பெரிதாக வைத்தால்தானே பயப்படுகிறார்கள், ஆசை காட்டுவோம் என்று வெறும் இருபத்தொன்று வைத்தார். மூன்று பேரும் வந்தார்கள். குழந்தைவேலுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நடுவில் சீட்டு திறக்கத் திறக்க மறுபடி இருபத்தொன்று, மறுபடி இருபத்தொன்று. சந்திரசேகரும் பிரான்சிஸும் பாதியில் கழன்றுகொள்ள, வேலுசாமி மட்டும் விடாமல் கூடவே வந்தார். கடைசியில் சீட்டைத் திறந்தால், வேலுசாமி கையில் ஓர் ஏழு, ஒரு ரெண்டு. அந்த ஆட்டத்திலேயே அதைவிடக் கேவலமான சீட்டு கிடையாது. ஆனால் நடுவில் ஓர் ஏழும் ஒரு ரெண்டும் வந்து தொலைத்திருந்தன. இரண்டு ஜோடி! ராணிகள் இரண்டும் தோற்றுப்போயின.

"ஏழையும் ரெண்டையும் வெச்சுட்டு எவனாச்சும் உள்ள வருவானா?" என்று வேலுசாமியிடம் போனில் பாய்ந்தார்.

"நீங்கதானுங்களே அண்ணா வரச் சொன்னீங்க" என்றார் வேலுசாமி. "நானும் என்னைக்காட்டியும் உங்களுக்கு நல்லது வரோணும்னு சாமியைக் கும்புட்டுட்டேதான் இருந்தனுங்க."

இப்படி நக்கல் வேறு. குழந்தைவேல் மறுநாளே ரீட்ரேடிங்குக்குப் போட்டிருந்த டயரையெல்லாம் வேலுசாமி கடையிலிருந்து தூக்கி வேறொரு கடைக்கு அனுப்பினார். வேலுசாமி தானே டயரை ஏற்றிவிட்டு, "அண்ணா, இன்னைக்கும் ஏழு மணிக்கு வந்துருவீங்கதானே?" என்று மட்டும் கேட்டாராம். ஜெயித்தவனுக்கு இருக்கிற திமிரைப் பார்த்தீர்களா!

இந்தக் கூத்தில் குழந்தைவேலுக்கு ஒரே ஆறுதல் பெயின்டர் அம்மாசி. ஆடி மாதம் முழுக்கப் புது வண்டியை யாரும் வெளியே எடுக்கமாட்டார்கள், அது நியாயம். ஆவணி பிறந்த பிறகும் அம்மாசிக்கு வேலை முடியவே இல்லை. ஒரு வாரம் ஈரக்காற்றில் பெயின்ட் காயவில்லை. இன்னொரு வாரம் கேட்ட நிறத்தில் டப்பா வரவில்லை. அதற்கடுத்த வாரம் அவன் பங்காளி வீட்டில் சாவு. ஒரு பெயின்டர் சோம்பேறியாக இருப்பதற்காகக் குழந்தைவேல் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டார்.

"புது வண்டி நின்னுட்டே கெடக்குது, டிரைவர் தூங்கிட்டே கெடக்கறான், உங்களுக்குச் சீட்டாட்டம் கேக்குது" என்று வசந்தாமணி புலம்பினாள்.

அப்படிப் புலம்பிக்கொண்டே ஒரு நாள் அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தவள், தோளுக்கு மேலாகச் செல்போனை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, யாரு ஊட்டுக் கல்யாணம்?"

"என்னது?"

"இல்ல, எரநூத்தி ஒண்ணு, ஐநூத்தி ஒண்ணுன்னு மொய்யாட்ட வெக்கறீங்களே, அதான் கேட்டேன்."

குழந்தைவேல் காபியை எடுக்கப் போன கையை அப்படியே நிறுத்தினார்.

அவர் வாழ்க்கையில் நல்லபடியாக நடக்க வேண்டிய எதற்கும் முழு எண்ணில் பணம் கொடுத்ததில்லை. டிரைவருக்கு அட்வான்ஸ் என்றாலும் சரி, கோயில் நன்கொடை என்றாலும் சரி, கூட ஒரு ரூபாய் வைத்தால்தான் கை நிற்கும். அதே கை சீட்டாட்டத்திலும் வேலை காட்டியிருக்கிறது! சுமாரான சீட்டுக்கு நாற்பது, அறுபது என்று மொட்டையாக வைப்பார். உறுதியாக ஜெயிக்கும் என்று மனசுக்குப் பட்டால் மட்டும் விரல் தானாகப் போய் ஒன்றைக் கூட்டிவிடும். மங்களமான காரியம் அல்லவா! ஆக, அந்த ஒன்றைப் பார்த்ததும் மூன்று பேரும் ஓடுகிறார்கள்.

"கண்டுபுடிச்சுட்டேன்! வசந்தா, கண்டுபுடிச்சுட்டேன்!" என்று எழுந்து நின்று கத்தினார்.

அன்றைக்கே சோதித்தும் பார்த்தார். கையில் இரண்டு ஜாக்கி, நடுவில் இன்னொரு ஜாக்கி. மூன்று ஜாக்கிக்கு இருநூறு வைத்தார். வெறும் இருநூறு. அந்த ஒன்றைப் போடாமல் விட்டதில் நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே கிளம்பிவிட்ட மாதிரி என்னவோ போலிருந்தது. ஆனால் பலன் கிடைத்தது. சந்திரசேகர் உள்ளே வந்தான்! கண்டுபிடிப்பு பலித்துவிட்டது என்று அவர் தொடையில் தட்டிக்கொள்வதற்குள், கடைசிச் சீட்டு திறந்ததும் அவன் முந்திக்கொண்டு ஆயிரம் வைத்தான்.

ஆயிரம்! எதுவும் இல்லாமலா வைப்பான்? ஒன்று வைக்காமல் ஆரம்பித்த காரியம் உருப்படுமா? வைக்காமல் விட்டது தப்பு, பெரிய தப்பு. திரையில் நேரம் காட்டுகிற கடிகார வட்டம் சுற்றிக்கொண்டே வந்தது. மூன்று ஜாக்கியையும் போட்டுவிட்டு விலகினார்.

உடனே சந்திரசேகரே போன் செய்தான்.

"மாமா... ஏனுங்க மாமா போட்டீங்க?"

"உன்ற கையில என்ன இருந்துச்சு, அதைச் சொல்லு."

"அதை விடுங்க மாமா. ஏன் போட்டீங்க? சும்மா வந்திருக்கலாமில்லீங்க?" அவன் குரல் அழுகிற மாதிரி இருந்தது.

"என்னையத் தோக்கடிச்சுட்டு எங்கிட்டயே அழுது காட்டறியா?" என்று போனை வைத்தார். இந்தக் காலத்துப் பையன்களுக்கு நடிப்பு எப்படி வருகிறது என்று அவருக்கு அருவருப்பாக இருந்தது.

சரி, இனி தலைகீழாகச் செய்வோம் என்று, அடுத்த ஆட்டத்தில் நாலுக்கும் எட்டுக்கும், எதற்கும் உதவாத சீட்டுக்கு, முந்நூற்று ஒன்று வைத்தார். மூன்று பேரும் தடதடவென்று விலகினார்கள். மறுபடி வைத்தார். மறுபடியும் ஓடினார்கள். அவர் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது. அந்த ஒன்றைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் இதிலும் கிடைத்தது அதே முப்பது முப்பதுதான். போதாக்குறைக்குப் பொய்ச் சீட்டுக்கு மங்களக் காசு வைத்தது மனசை உறுத்தி, மலையடிவாரக் கோயிலில் போய் ஒரு சூடம் ஏற்றிவிட்டு வந்தார்.

கோயிலிலிருந்து வருகிற வழியில் இன்னொன்று பளிச்சென்று புலப்பட்டது. தனக்கு ஒன்று வைக்கிற பழக்கம் உண்டு என்பது வேலுசாமிக்கும் பிரான்சிஸுக்கும் எப்படித் தெரியும்? வீட்டு ஆள் சொல்லாமல் தெரியுமா?

"உன்ற தம்பிதான் சொல்லிக் குடுத்திருக்கறான்" என்றார் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே. "மூணு பேரும் கூட்டு. எல்லாத்துக்கும் அவந்தான் தலைவன்."

"என்ற தம்பிக்கு அந்தப் புத்தியெல்லாம் கெடையாது."

"ரஞ்சிதா பேரு வந்துரக் கூடாதுன்னு திட்டம் போட்டு அடிக்கறான். ஞாயித்துக்கெழம அவன் பையன் காதுகுத்துக்கு நான் வரலை. நீ வேணுமுன்னாப் போ."

வசந்தாமணி விருட்டென்று உள்ளே போனாள். அவள் இப்படிப் போனால் நிலைமை மோசம் என்று இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"இத பாருங்க. பத்து வருசம் ஏங்கிப் பெத்த புள்ளைக்குக் காது குத்தறான். பெரிய மாமன் நீங்க இல்லாம எப்படி? சபையில நாந்தான் தலையைக் குனியோணும். ஞாயித்துக்கெழமைக்குள்ள உங்க ஆட்டத்தை முடிச்சுக்குங்க. இல்லாட்டி நானே நாமக்கல்லுக்கு பஸ் ஏறிப் போயி அந்த லாரியில 'வசந்தாமணி'ன்னு எழுதச் சொல்லிட்டு வந்துருவேன். அப்பறம் நீங்க ரெண்டு பேரும் காசிக்குப் போனாலும் சரி."

சொல்லி வைத்த மாதிரி அன்று சாயந்திரமே அம்மாசி போன் செய்தான்.

"அண்ணா, வேலை முடிஞ்சுருச்சுங்க. இனி தள்ளிப் போடறதுக்கு எங்கிட்ட ஒரு காரணமும் இல்லீங்க. வெள்ளிக்கெழம நல்ல நாளு. வண்டியை எடுத்துருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஆக, வியாழக்கிழமை கடைசி ஆட்டம். குழந்தைவேலிடம் இருந்தது இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்தொரு சில்லு. சந்திரசேகரிடம் ஆறாயிரத்துக்கும் மேல். மனுஷர் மத்தியானம் சாப்பிடவில்லை. ரஞ்சிதா காலேஜிலிருந்து போன் செய்து, "ஏப்பா, பேருல என்னப்பா இருக்குது, விடுங்க" என்றபோது, "உனக்குத் தெரியாது சாமி" என்று மட்டும் சொன்னார்.

எட்டு மணி வரைக்கும் ஒன்றும் வரவில்லை; போனதும் வந்ததும் சரிக்குச் சரியாகப் போனது. அப்புறம் வந்தது. கையில் இரண்டு ஏஸ்.

குழந்தைவேல் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. ஒன்றும் இல்லாதவர் மாதிரி வெறுமனே இருபதை வைத்தார். வேலுசாமியும் பிரான்சிஸும் விலகினார்கள். சந்திரசேகர் இருந்தான். நடுவில் ஓர் ஏஸ், இரண்டு ஒன்பது. பிறகு ஒரு நாலு, கடைசியில் ஒரு ராணி. இவரிடம் மூன்று ஏஸ், இரண்டு ஒன்பது. இதை ஜெயிக்க வேண்டுமானால் எதிராளி கையில் மிச்ச இரண்டு ஒன்பதும் இருக்க வேண்டும். அதற்குச் சாமியே வந்து சீட்டுப் போட வேண்டும்.

எவ்வளவு வைப்பது?

கொஞ்சம் வைத்தால் வருவான், ஆனால் அவனைத் தாண்ட முடியாது. தாண்ட வேண்டுமென்றால் மொத்தத்தையும் வைக்க வேண்டும். மொத்தத்தையும் வைத்தால் ஓடிவிடுவானே! ஓடினால் மகளுக்கு முப்பது சில்லுதான் மிச்சம். இருந்தாலும் வேறு வழியில்லை. எல்லாம் என்கிற பட்டனை அமுக்கப் போனவர், திரையில் வந்த எண்ணைப் பார்த்துப் பதறிக் கையை இழுத்துக்கொண்டார். முதலில் போட்ட இருபது போக மிச்சம் இரண்டாயிரத்து அறுநூற்று முப்பத்தொன்று.

கடைசியில் ஒன்று!

"வசந்தா! ஒண்ணு வருது! மொத்தத்தையும் வெச்சா ஒண்ணு வருது!"

"என்னமோ வந்துட்டுப் போகட்டும், வெய்யுங்க!"

"ஒண்ணு வெச்சா ஓடிருவான்டி!"

"அப்ப அந்த ஒண்ணை உட்டுட்டு வெய்யுங்க!"

கடிகார வட்டம் முக்கால்வாசி தீர்ந்துவிட்டது. அவசர அவசரமாக எண்ணை அழித்து, மறுபடி அடித்து, இரண்டாயிரத்து அறுநூற்று முப்பது வைத்தார். அவர் பக்கம் ஒரே ஒரு சில்லு அனாதையாகக் கிடந்தது.

விரலை எடுப்பதற்குள் சந்திரசேகர் உள்ளே வந்தான்.

சீட்டு திறந்தது. அவன் கையில் ஓர் எட்டு, ஒரு மூணு. நடுவில் இருந்த எதோடும் ஒட்டாத மண்ணுச் சீட்டு. சில்லெல்லாம் கலகலவென்று குழந்தைவேல் பக்கம் வந்து குவிந்தது.

"ஜெயிச்சுட்டேன்! வசந்தா, எட்டையும் மூணையும் வெச்சுட்டு வந்து மாட்டிக்கிட்டான்!"

வசந்தாமணி ஓடிவந்து, செல்போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் போன் அடித்தது.

"ஜெயிச்சுட்டீங்களா மாமா? நெசமாவே நீங்கதானுங்களே ஜெயிச்சது? என்ற கண்ணுல தப்பில்லையே?"

பாவம், அதிர்ச்சியில் பையனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று குழந்தைவேல் இளகிப்போனார். "மனசை உட்டுறாத மாப்ள. வெளையாட்டுன்னா நாலும் இருக்கும். ஞாயித்துக்கெழம காதுகுத்துக்கு நான் மொத ஆளா வந்து நிப்பேன். மதனுக்குக் கடுக்கன் என்ற செலவு."

அப்புறம் பிரான்சிஸுக்கும் வேலுசாமிக்கும் போன் போட்டு, நல்ல சீட்டு வந்தால் எவ்வளவு வைக்க வேண்டும், எப்படி எதிராளியின் கண்ணில் மண்ணைத் தூவ வேண்டும், எதற்காக ஒரு சில்லை மட்டும் மிச்சம் வைக்க வேண்டும் என்று ஆளுக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்தார். இருவரும் "சரிங்கண்ணா, சரிங்கண்ணா" என்று கேட்டுக்கொண்டார்கள். டயரைத் திரும்ப அனுப்பிவைப்பதாக வேலுசாமியிடம் பெருந்தன்மையோடு சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் மாலை, எலுமிச்சம்பழம், பூசணிக்காய், ஒரு பெட்டி மைசூர்பாகு சகிதம் குழந்தைவேலும் வசந்தாமணியும் நாமக்கல் பட்டறையில் போய் இறங்கினார்கள். சந்திரசேகர் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னான். லாரியின் முகம் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது.

"அம்மாசி, ரஞ்சிதான்னு எழுதோணும். புள்ளி, சுழி, காலு எல்லாம் பாத்து, அழகா எழுது. எத்தன நேரம் ஆனாலும் இங்கயே இருக்கறேன்."

அம்மாசி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, போய்த் தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்தான். பாய் சரிந்து விழுந்தது. மஞ்சள் நெற்றியில், சிவப்பு எழுத்தில், இரண்டு பக்கமும் ரோஜாப்பூ வைத்து, 'ரஞ்சிதா' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. குழந்தைவேல் வாயைத் திறந்தபடி நின்றார். கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தார். பெயின்ட் கட்டாந்தரையாகக் காய்ந்திருந்தது. விரலில் பழைய தூசி ஒட்டியது.

"நேத்து ராத்திரிதானய்யா நான் ஜெயிச்சேன். அதுக்குள்ள எப்படி எழுதுனே?"

அம்மாசி தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்:

"ஆடி பொறக்கறதுக்கு மிந்தியே எழுதுனதுங்கண்ணா, உங்க மச்சினருதான், மாமன் சும்மா குடுத்தா வாங்கமாட்டாரு, அவரு ஜெயிக்கற வரைக்கும் வேலை முடியலைன்னே சொல்லு, ஜெயிச்ச பொறவு பாயை எடுன்னாரு... மூணு பேரும் கையில வந்த சீட்டையெல்லாம் கீழ போட்டு விட்டுக் குடுத்தும் நீங்க தோத்துட்டே இருந்தா, அவரும் பாவம் என்னதானுங்க பண்ணுவாரு!"